தையல்சிட்டின் இடச்சிறகு

அத்தியாயம் 11

விஜயதசமியன்று காலையிலேயே கலாதேவிக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாகக் கோபப்படக் கூடாது என்று சொல்கிறவர்கள் யாரும் புனிதவதியின் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள் இல்லை.

அந்தத் தம்பி ஹரிஷாந் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னான்.

“அக்கா போன் பண்ணாங்க. இன்னிக்கு பவித்ரனுக்கு ஏடு தொடக்குறப்ப, மாதுமைக்கும் சேத்து இன்னொரு தடவ செஞ்சிடலாமாம்.”

“மாதுமைக்கு எதுக்கு? அவளுக்குத்தான் மூணு வயசுலயே செஞ்சாச்சே.”

“சும்மாதான் லா. நல்லதுதானே.”

தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, வீட்டுப் பெரியவர் பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பதைத்தான் ஹரிஷாந் வீட்டில் ஏடு தொடக்குதல் என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா காலத்தில் ஈப்போவுக்கு ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த கலாதேவிக்கு அந்தச் சொல்லே கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்ததுதான். சடங்கின் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் புனிதவதி சும்மா எதையும் செய்கிற ஆள் இல்லை. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருமக்கூட மாட்டார்.

முந்தைய வாரங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

மூத்தவள் மாதுமை இடக்கைக்காரப் பிள்ளை. பாலர் பள்ளியில் அவளுடைய இடக்கையை நாற்காலியோடு ரிப்பனால் கட்டிவைத்து, வலக்கையால் எழுதப் பழக்கியிருக்கிறார்கள். குளிப்பாட்டும்போது மணிக்கட்டில் சிவந்த கோட்டைக் கலாதேவி பார்த்தாள். மறுநாளே பாலர் பள்ளி வாசலில் நின்று, மற்றத் தாய்மார்கள் எல்லாரும் பார்க்க, நவமணி டீச்சரைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டுப் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்தாள். மருந்துக்கடை வேலையையும் விட்டாள். ஆனால் பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். கிரேயானைத் தொடுவதில்லை. இடக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஆறு வயதுப் பிள்ளை தன் கையையே ஒளித்துவைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய்க்குத்தான் சோறு இறங்கும்?

அப்புறம் வந்தது அந்தப் படப் புத்தகம். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில், அட்டை கிழிந்து கிடந்தது. ஒரு தையல்சிட்டு கூடு கட்ட இலை தேடிப் போகிறது. ஒரு இலை சின்னதாக இருக்கிறது, ஒன்றில் ஓட்டை, இன்னொன்றில் எறும்பு ஏற்கெனவே குடியிருக்கிறது. கடைசியில் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக்கொள்கிறது. கதை அவ்வளவுதான்.

அதை வைத்துக்கொண்டு கலாதேவி வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தினாள். வாரத்துக்கு ஒரு பக்கம். இலை தேடும் பக்கத்துக்குப் பிள்ளைகள் இரண்டையும் கோப்பெங்குக்கு, அண்ணன் விக்னேஸ்வரன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். தோட்டம் முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டாலும் ஆற்றோரம் நாலைந்து ரப்பர் மரங்கள் தப்பி நின்றன. ரப்பர் இலை ஒரு காம்புக்கு மூன்று. இரண்டு காம்பு வைத்தால் ஆறு, மூன்று வைத்தால் ஒன்பது என்று பிள்ளைகள் மூன்றாம் வாய்ப்பாட்டைத் தரையிலேயே பரப்பிவிட்டார்கள். கூட்டுக்கு மெத்தை போடும் பக்கத்துக்கு இலவம் பஞ்சு. சட்டை மாட்டும் ஹேங்கரின் இரண்டு பக்கமும் பை கட்டித் தராசு செய்து, ஒரே ஒரு ரப்பர் கொட்டைக்கு எவ்வளவு பஞ்சு வேண்டும் என்று நிறுத்துப் பார்த்தார்கள். தைக்கும் பக்கம் வந்தபோது, அட்டையில் எழுத்தின் வடிவத்தில் துளையிட்டு, மொண்ணை ஊசியும் கம்பளி நூலும் கொடுத்தாள். மாதுமை முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொடைக்கு அடியிலிருந்து கை மெல்ல வெளியே வந்தது. இடக்கையால், வலமிருந்து இடமாக, ‘அ’ முழுவதையும் சிவப்பு நூலில் தைத்து முடித்தாள்.

பேச்சும் குருவி வழியாகத்தான் திரும்பி வந்தது. ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிய காகிதக் குருவியைத் தூக்கிப் பிடித்து, “எனக்கு இந்த இலை வேணாம், இதுல எறும்பு இருக்கு” என்றாள் மாதுமை. அன்றைக்குக் கலாதேவி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஜனவரியில் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர வேண்டும். அதைக் கலாதேவி மறுக்கவே இல்லை. அதுவரைக்கும் பிள்ளை வீட்டில் இருக்கட்டும், கையும் வாயும் முழுசாகத் திரும்பட்டும் என்றுதான் கேட்டாள். சரி என்று சொன்னவன்தான் இப்போது தலை துவட்டிக்கொண்டு நிற்கிறான்.

“சும்மான்னா எனக்குத் தெரியாதா? வலக்கையால எழுத வைக்கப் போறாங்க. அதானே?” என்றாள்.

“ஒரு எழுத்துதானே கலா.”

அவள் பதில் சொல்வதற்குள், மேசைமேல் குருவியைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த இளையவன், நாலு வயது பவித்ரன், மைலோ கிளாஸைத் தட்டிவிட்டான். தரையில் விழுவதற்குள் ஹரிஷாந் எட்டிப் பிடித்துவிட்டான். இடக்கையால் பிடித்தான். எதை எறிந்தாலும், எது விழுந்தாலும் அவனுக்கு அந்தக் கைதான் முந்தும். எழுதுவதும் சாப்பிடுவதும் மட்டும் வலது. கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவருவதால் கலாதேவி அதைப் பெரிதாக எண்ணியதே இல்லை.

“நான் பக்கத்துலதான் இருப்பேன். பிள்ள கைய யாராச்சும் புடிச்சி இழுத்தா நல்ல நாள்னு பாக்க மாட்டேன். உங்க அக்காகிட்ட இப்பவே சொல்லிருங்க.”

அவன் சொல்லவில்லை. அவன் சொல்ல மாட்டான் என்று அவளுக்கும் தெரியும்.

* * *

ஈப்போ கார்டனில் புனிதவதியின் வீடு. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே நெய் மணமும் சாம்பிராணியும் கலந்திருந்தன. சாமிப் படத்துக்கு முன்னால் பாய் விரித்து, பித்தளைத் தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருந்தார்கள். பக்கத்தில் பட்டு வேட்டியும் காதில் கருவியுமாக ஹரிஷாந்தின் சித்தப்பா ஸ்கந்தராஜா உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஏடு தொடக்குவதும் அவருக்கு ரயிலை அனுப்புவது போலத்தான், நேரம் தவறக் கூடாது.

“என்ன கலா, இப்பதான் வாறீரோ? நேரம் போகுது. பிள்ளையளை இஞ்சால கொண்டு வாரும்” என்றார் புனிதவதி.

“வாரேங்க்கா.”

புருஷனின் அக்காவை மச்சாள் என்று கூப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கலாதேவிக்கு அது வாயில் வரவில்லை. அக்கா என்பதைப் புனிதவதி காதில் வாங்கும்போதெல்லாம் முகத்தில் சின்னதாக ஒரு சுளிப்பு வந்து போகும். கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் அந்தச் சுளிப்பு மாறவில்லை.

முதலில் பவித்ரன். சித்தப்பா அவனை மடியில் இருத்தி, வலக்கைச் சுட்டுவிரலைப் பிடித்து, அரிசியில் ‘அ’ எழுத வைத்தார். எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது.

“இப்ப நீங்களே எழுதுங்கோ பாப்பம், ராசா” என்றார் சித்தப்பா.

பவித்ரன் வலக்கையை விடுவித்துக்கொண்டான். அரிசியைத் தட்டிச் சமப்படுத்தினான். பிறகு, அதுதான் முறை என்பது மாதிரி, இடக்கை விரலை நீட்டி, வலமிருந்து இடமாக இழுத்தான்.

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். புனிதவதி சிரிக்கவில்லை.

“இது என்ன பழக்கம்? இவன் வலக்கைப் பிள்ளையெல்லோ?”

“அக்கா இப்படித்தான் எழுதுவா” என்றான் பவித்ரன் பெருமையாக. “நானும் அக்கா மாதிரி.”

கலாதேவிக்குச் சுருக்கென்றது. பந்து எறிவது, கரண்டி பிடிப்பது எல்லாம் அவனுக்கு வலக்கைதான். எழுத்தை மட்டும் வீட்டில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே படித்துக்கொண்டான். அட்டை தைக்கும்போதும் அவள் செய்ததையே செய்தான். எழுத்து என்றாலே அந்தக் கையால் செய்வது என்று நினைத்துவிட்டிருக்கிறான். கலாதேவி இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் கையையே பார்த்துப் பார்த்து, மற்றதின் கையைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

புனிதவதி அந்த ஒரு நொடியை விடவில்லை. “பாத்தீரே? நல்லா இருந்த பிள்ளையையும் கெடுத்துப்போட்டீர். குருவி, இலை, பஞ்சு. இதுதானோ உம்மட பள்ளிக்கூடம்? முப்பது வருஷம் பிள்ளையளோட இருந்தவள் நான். எனக்குத் தெரியாதது உமக்குத் தெரிஞ்சிட்டுதோ?”

“அவன் சின்னப் பிள்ள. அக்காவப் பாத்து செஞ்சான். சொன்னா மாத்திக்குவான்.”

“அப்ப மற்றதுக்கும் சொல்லி மாத்தலாம்தானே.”

கேட்டால் நியாயம் போலவே இருக்கிற கேள்வி. அதற்குத்தான் கலாதேவிக்கு இன்னும் கோபம் வந்தது.

“மாதுமை, வாங்கோ இஞ்ச. மாமி பக்கத்தில இருங்கோ” என்று புனிதவதி கூப்பிட்டார்.

மாதுமை வந்து உட்கார்ந்தாள். உட்காரும்போதே இடக்கை தொடைக்கு அடியில் போய்விட்டது. எத்தனை இலை, எத்தனை பஞ்சு, எத்தனை முழம் சிவப்பு நூல் செலவழித்து வெளியே வரவழைத்த கை அது. ஒரே ஒரு ‘வாங்கோ’வில் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

“வலக்கைய நீட்டுங்கோ.”

பிள்ளை நீட்டவில்லை. அம்மாவைப் பார்த்தது.

“அவ எழுதுற கையால எழுதட்டும்க்கா” என்றாள் கலாதேவி.

“சாமிக்கு முன்னால இடக்கையோ?”

“சாமிக்குத் தெரியாம முளைச்ச கையா அது?”

சித்தப்பா காதுக் கருவியைச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹரிஷாந் கதவோரம் நின்றபடி, யாருக்கும் வலிக்காத அந்தக் குரலில் சொன்னான்.

“இன்னிக்கு ஒரு நாள்தானே கலா. விட்டுக்குடேன்.”

“நான் விட்டுக்குடுக்க இது என்னோட கை இல்ல.”

“சரி, சரி. சாப்பிட்டுப்போட்டுப் பாப்பம். மோதகம் ஆறுது” என்று சித்தப்பா எழுந்துவிட்டார். ரயில் அன்றைக்கு முதன்முறையாகத் தாமதமானது.

புனிதவதி மட்டும் எழும்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “எப்பிடியும் திங்கட்கிழமை நவமணி பாத்துக்கொள்ளுவா. நான் கதைச்சிட்டன். அவ பிள்ளையைத் திரும்ப எடுக்கிறன் எண்டிட்டா.”

கலாதேவி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

* * *

அடுப்படியில் வைத்துத்தான் மிச்சத்தைக் கேட்டாள்.

“எந்தப் பள்ளியில பிள்ள கையக் கட்டுனாங்களோ, அங்கயே திரும்ப அனுப்பச் சொல்றீங்களா அக்கா?”

புனிதவதி கடலையைக் கிண்ணங்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “கட்டினதில என்ன பிழை?”

“என்ன பிழையா?”

“நான்தான் கட்டச் சொன்னனான். நவமணி என்னட்டப் படிச்ச பிள்ளை. மாட்டன் எண்டவள். நான்தான் சொன்னன், பயப்பிடாத, ஆறு மாசத்தில சரிவரும் எண்டு. நீர்தான் அவளை ரோட்டில வைச்சு ஏசிப்போட்டு வந்தீர்.”

கலாதேவிக்கு அந்தப் பாலர் பள்ளி வாசலில் தான் கத்தியதும், நவமணி டீச்சர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் தலை குனிந்து நின்றதும் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு அதைக் குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தாள். இன்றைக்கும் அந்தம்மாவை மன்னிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னார்கள் என்பதற்காகக் கட்டிய கைதானே. ஆனால் ஏச்சின் பெரிய பங்கு போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்று இப்போது தெரிந்தது.

“உங்களுக்கு யாருக்கா உரிமை குடுத்தது?”

“உரிமையோ?” புனிதவதி கரண்டியை வைத்தார். குரல் முதன்முறையாக உயர்ந்தது. “அம்மா சாகேக்க எனக்குப் பதினாலு வயசு. ஹரிக்கு அஞ்சு. அவனும் இதே கைதான். பள்ளிக்கூடத்தில பிரம்படி வாங்கிக்கொண்டு வருவான். நான்தான் பின்னேரம் பின்னேரமா லேஞ்சியால அவன்ர கையைக் கட்டி இருத்தி எழுதப் பழக்கினனான். அழுவான். நானும்தான் அழுதன். ஆனா பழக்கினன். இண்டைக்கு அவன் கணக்காளர். அவன்ர எழுத்தைப் பாத்திருக்கிறீரே? அச்சு மாதிரி. நான் செய்தது பிழை எண்டால் அவன் எப்பிடி இப்பிடி வந்தவன்?”

லேஞ்சி என்றால் கைக்குட்டை. பதினாலு வயதுப் பெண் ஒருத்தி அஞ்சு வயதுத் தம்பியைக் கைக்குட்டையால் கட்டி உட்கார வைத்திருக்கிறாள். இன்னொரு நாளாக இருந்தால் கலாதேவிக்கு அவள் மேல் இரக்கம் வந்திருக்கும். இன்றைக்கு இரக்கத்துக்கு இடமில்லை. காலையில் மைலோ கிளாஸைப் பிடித்த கைதான் கண் முன்னால் வந்தது.

“அவர் எப்படி வந்தாருன்னு எனக்குத் தெரியும்க்கா. அவரோட குடும்பம் நடத்துறவ நான்” என்றாள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது என்று பின்னறைக்குப் போனாள்.

* * *

கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே இரண்டும் தரையில் உட்கார்ந்து காகிதக் குருவிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தன. பலகாரப் பெட்டியைக் கட்டிவந்த மஞ்சள் ரிப்பனை எடுத்து, மாதுமை ஒரு குருவியின் இடச்சிறகைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். அவ்வளவு பொறுமையாகக் கட்டினாள்.

“இது புத்தகத்துல இல்லயே” என்றான் பவித்ரன்.

“இது வேற பக்கம். நீ அப்பாக் குருவி. கதவ தெறந்து உள்ள வா.”

பவித்ரன் தன் குருவியை நகர்த்தினான். “வந்துட்டேன். என்ன சொல்லணும்?”

“ஒன்னும் சொல்லக் கூடாது. அப்பாக் குருவி பாக்கும். பாத்துட்டு கதவ சாத்திட்டு கார்ல போயி உக்காந்துக்கும். கிளாஸ் முடியற வரைக்கும் கார்லயே இருக்கும்.”

“ரிப்பன அவுக்காதா?”

“அவுக்காது.”

கலாதேவி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலை வீட்டுப் பாட நேரத்துக் குரலாக்கிக்கொண்டு கேட்டாள்.

“குருவிக்கு வலிக்கலயாம்மா? அது ஏன் கத்தல?”

மாதுமை குருவியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். குருவி சொன்னது.

“வலிக்கும். அப்பாதான் பாத்துட்டாரே. அப்பாவே ஒன்னும் சொல்லல. அப்புறம் எதுக்குக் கத்தணும்?”

பிள்ளை ஏன் பேச்சை நிறுத்தியது என்று டாக்டரிடம் கேட்டாள், கோயிலில் கேட்டாள், தன்னையே கேட்டுக்கொண்டாள். பதிலைக் கூடவே வைத்துக்கொண்டு ஒருவன் அவளோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னாச்சும்மா, சொல்லு” என்று பிள்ளையின் தலையைத் தடவியதுகூட நடந்தது.

ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

* * *

காரில் பவித்ரன் கிண்ணத்தில் வாங்கிவந்த பாயசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். கோப்பெங் ரோட்டுப் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி ஹரிஷாந் எண்ணெய் ஊற்ற இறங்கினான். ஈரத்துணி எடுக்கக் கலாதேவி வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தாள்.

துணிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பாலர் பள்ளிச் சீருடை, புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. மாதுமையின் அளவில் ஒன்று. பவித்ரனின் அளவில் ஒன்று.

அவள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“எப்ப பாத்தீங்க?”

“என்னது?”

“பிள்ள கையில கட்டியிருந்த ரிப்பன.”

அவன் கையிலிருந்த குழாய் நின்றுபோனது. கார்க் கண்ணாடி வழியாக மாதுமை இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு தடவதான், கலா. சீக்கிரமா போயிட்டேன் அன்னிக்கு. நான் கட்டச் சொல்லல.”

“அவுத்தும் விடல.”

“எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல. உள்ள போக முடியல. எனக்கும் கட்டுனாங்க, உனக்குத் தெரியாது. அக்கா கெட்டவங்க இல்ல. எனக்கு ஒன்னும் ஆயிடலயே.”

“ஒன்னும் ஆகலயா?” கலாதேவிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பிள்ளைகள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “பெத்த பிள்ள கை கட்டிக் கெடக்கிறதப் பாத்துட்டு கதவ சாத்திட்டுப் போற ஆளா ஆயிருக்க நீ. அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரி எங்கூட உக்காந்து, பிள்ளைக்கு என்னாச்சுன்னு தெரியலயேன்னு பேசியிருக்க. இதுக்குப் பேரு ஒன்னும் ஆகாததா?”

எட்டு வருஷத்தில் அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் அது கேட்டது.

“இந்த யூனிபார்ம் யாரு வாங்குனது? உங்க அக்காவா?”

அவன் இல்லை என்று தலையாட்டினான். அவன்தான் வாங்கியிருந்தான்.

“பவித்ரனுக்கும் வாங்கியிருக்க. கேக்காமலே.”

“ரெண்டு பேரும் சேந்து போனா மாதுமைக்குப் பயம் இருக்காதுன்னு...”

“அவ பயந்தது தனியா போனதுக்கு இல்ல.”

அவள் பையை அவன் கையில் திணித்தாள். எண்ணெய்க் குழாயை அவளே பிடுங்கி அதன் இடத்தில் மாட்டினாள். சுற்றிப் போய் ஓட்டுகிற இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சாவி வண்டியிலேயே இருந்தது. எங்கே போவது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் வண்டி நின்ற ரோடு கோப்பெங்குக்குத்தான் போனது. அங்கே அண்ணன் வீடு இருக்கிறது, மூன்று மூன்றாக இலை விடுகிற மரம் இருக்கிறது. இப்போதைக்கு அது போதும்.

“அப்பா ஏறல” என்றான் பவித்ரன்.

ஹரிஷாந் ஓடிவந்து பின்கதவைப் பிடித்தான். பூட்டியிருந்தது. கலாதேவி மாதுமை பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

“அவகிட்ட சொல்லுங்க” என்றாள் திரும்பாமலே. “திங்கக்கெழம என்னன்னு நீங்களே உங்க பிள்ளைகிட்ட சொல்லுங்க. சொன்னீங்கன்னா கதவத் தெறக்குறேன்.”

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. மன்னிப்புகூடக் கேட்கச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை. போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை.

மாதுமை அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கையில் குருவி இல்லை. அதைத் தம்பி வைத்திருந்தான். இடக்கை தொடைக்கு அடியில் இருந்தது. அவளே, தன் சொந்தக் குரலில், மெல்லக் கேட்டாள்.

“அப்பா?”

ஹரிஷாந் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். யாரென்று கலாதேவி கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் திரையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

அந்த மூன்றாவது பார்வையோடு கலாதேவி கண்ணாடியை ஏற்றினாள்.

வண்டி ரோட்டுக்கு வந்ததும் ஒருமுறை பின்னால் பார்த்தாள். ஹரிஷாந் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சீருடைப் பை இடக்கையில், இன்னும் அடித்துக்கொண்டிருந்த போன் வலக்கையில். எடுத்தானா இல்லையா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.